லெம்மிங் வராத ஆண்டுகள்: ஸ்காண்டிநேவியத் துருவ நரிகளின் உணவு மாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்று நாடுகளின் மலைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, வளர்ந்த துருவ நரிகள் 40 முதல் 60 வரைதான் தேறின. ஒரு காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் திரிந்த விலங்கு இது. அதன் தோலுக்கு நல்ல விலை கிடைத்ததால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் வேட்டையாடியே ஏறக்குறையத் தீர்த்துவிட்டார்கள். பிறகு ஸ்வீடன் 1928-லும், நார்வே 1930-லும், பின்லாந்து 1940-லும் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தன. சரி, வேட்டை நின்றால் விலங்கு பெருகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அறுபது எழுபது ஆண்டு ஆகியும் பெருகவில்லை.

துப்பாக்கி ஓய்ந்த பிறகும் ஒரு இனம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது ஏன்? இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. அவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது உணவு. அந்த நரி பட்டினியால் செத்து விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. உணவு மாறும்போது நரியின் உடலில் முதலில் நின்றுபோவது குட்டி ஈனும் வேலை. நரி உயிரோடு இருக்கும், நடமாடும், பார்ப்பவர் கண்ணுக்கு ஆரோக்கியமாகவே தெரியும். வளை மட்டும் காலியாகக் கிடக்கும்.

யார் இந்த நரி

துருவ நரியும் நம்மூர்க் குள்ளநரியும் (வங்காள நரி) ஒரே பேரினம்தான், வல்பிஸ். துருவ நரி 3 முதல் 5 கிலோ எடை இருக்கும். கடுங்குளிரைத் தாங்கும் அடர்ந்த ரோமம், ரோமம் மூடிய உள்ளங்கால். வாயில் 42 பல். நாய்க் குடும்பத்துக்கே உரிய எளிய இரைப்பை, குட்டையான குடல், பெயருக்கு ஒரு குருட்டுக்குடல். தின்றது ஒரு நாளைக்குள் வெளியே வந்துவிடும். நார்ச்சத்தை நொதிக்கவைத்து அதிலிருந்து சத்து எடுக்க அந்தக் குடலில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. இறைச்சி, கொழுப்பு, எலும்பு, இவற்றுக்காக அமைந்த குடல் அது.

மலை உச்சிகளில் இந்த நரியின் வாழ்வு லெம்மிங் என்ற சிறு கொறிப்பானைச் சுற்றியே ஓடுகிறது. வாலே இல்லையோ என்று நினைக்கவைக்கும் கொழுத்த எலி போன்றது லெம்மிங். பனிக்காலம் முழுக்க உறைபனிக்கு அடியில், நிலத்துக்கும் பனிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பாசியைத் தின்றுகொண்டு பெருகும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கை உச்சத்துக்குப் போய், பிறகு சட்டென்று விழுந்துவிடும். உச்ச ஆண்டில் ஒரு துருவ நரிக் குடும்பம் ஒரே நாளில் டஜன் கணக்கில் லெம்மிங்கை வளைக்குக் கொண்டுவரும். அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு தாய் 18 குட்டிவரைகூட ஈன்றதுண்டு. நாய்க் குடும்பத்தில் இவ்வளவு பெரிய ஈற்றைப் பார்ப்பது அரிது. லெம்மிங் இல்லாத ஆண்டில் அதே தாய் ஒரு குட்டிகூட ஈனாமல் இருந்துவிடும்.

எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இந்தச் சுழற்சி ஒழுங்காக நடந்தது. அதன்பின் தொண்ணூறுகளின் கடைசிவரை ஸ்காண்டிநேவிய மலைகளின் பெரும்பகுதியில் சரியான உச்ச ஆண்டே வரவில்லை. பனிக்காலம் வெதுவெதுப்பாகும்போது பனி உருகி மறுபடி உறைகிறது. அடியில் இருந்த இடைவெளி நசுங்குகிறது, பாசிமேல் பனிக்கட்டி ஓடாகப் படிகிறது. லெம்மிங் வாழ இடமும் போய்விடுகிறது, தீனியும் போய்விடுகிறது. ஒரு துருவ நரி காட்டில் சராசரியாக மூன்று நான்கு ஆண்டுதான் வாழும். உச்ச ஆண்டு பத்துப் பதினைந்து ஆண்டுக்கு வரவில்லை என்றால், நல்ல ஈற்றையே பார்க்காமல் பல தலைமுறைகள் கடந்துபோயின என்று பொருள்.

லெம்மிங்குக்குப் பதிலாக என்ன தின்றது

நரியின் எச்சத்தை, அதாவது மலத்தை, வைத்துத்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். வளை வாசலில் கிடக்கும் எச்சத்தைச் சேகரித்து, காயவைத்து, நீரில் கரைத்து, எஞ்சும் ரோமம், பல், இறகு, எலும்புத் துண்டை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பொறுமை வேண்டிய வேலை. இதில் ஒரு குறையும் உண்டு. லெம்மிங்கை முழுசாக விழுங்குவதால் ரோமமும் பல்லும் நிறைய மிஞ்சும். பெரிய ரெயின்டீர் மானின் சடலத்திலிருந்து மென்தசையைக் கிழித்துத் தின்றால் எச்சத்தில் அடையாளமே இருக்காது. அதனால் எச்சத்தை மட்டும் நம்பினால் லெம்மிங்கின் பங்கு கூடுதலாகத் தெரியும். ரோமத்திலும் எலும்பிலும் உள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளப்பது இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. கடல் உணவு தின்ற நரியையும் நில உணவு தின்ற நரியையும் அந்த அளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும்.

அப்படிப் பார்த்ததில் ஸ்வீடன் மலை நரிகளின் உணவில் லெம்மிங்தான் எப்போதும் முன்னால் நிற்கிறது. அது குறையும்போது டார்மிகன் பறவைகள், அவற்றின் முட்டை, ரெயின்டீர் சடலம் ஆகியவை இடம்பிடிக்கின்றன. இவை மட்டமான உணவு என்று சொல்ல முடியாது. சடலத்தில் புரதம் இருக்கிறது. ஆனால் அது எப்போது எங்கே கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. கிடைத்தாலும் வுல்வரின் என்ற இறைச்சி உண்ணியும் கழுகும் தின்று மிச்சம் வைத்ததுதான். லெம்மிங்கை முழுசாகத் தின்னும்போது தசையோடு எலும்பும் ஈரலும் இதயமும் மூளையும் உள்ளே போகின்றன. எலும்பில் சுண்ணாம்புச் சத்து, ஈரலில் வைட்டமின் ஏ, இதயத்திலும் மூளையிலும் டாரின் என்ற அமினோ அமிலம். வெறும் தசையில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு அந்த ஏற்றத்தாழ்வு ஆபத்து. பெரிய சடலத்தின் எலும்பைக் குட்டி கடிக்க முடியாது, லெம்மிங் எலும்பை நொறுக்கித் தின்றுவிடும். வளைக்குத் தூக்கிவரும் வசதியையும் மறக்கக் கூடாது. நாலைந்து லெம்மிங்கை ஒரே வாயில் கவ்விக்கொண்டு வர முடியும்.

உடலுக்குள் நடப்பது

துருவ நரி இலையுதிர் காலத்தில் கொழுப்புச் சேர்த்து, பனிக்காலத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. ஓய்வில் இருக்கும்போது எரிக்கும் சக்தியையும் பனிக்காலத்தில் குறைத்துக்கொள்கிறது. அதனால் தின்ன எதுவும் கிடைக்காத நாட்களை வளர்ந்த நரி சமாளித்துவிடும். கலவி நடப்பது மார்ச், ஏப்ரலில். கர்ப்பம் 52 நாள் அளவுக்கு நீடிக்கும். அதாவது, உடலில் கொழுப்பு மிகக் குறைவாக இருக்கும் பருவத்தில்தான் ‘இந்த ஆண்டு குட்டி ஈனுவதா, வேண்டாமா’ என்பது முடிவாகிறது. பனிக்காலத்தில் லெம்மிங் பெருகியிருந்தால் தாயின் உடல் தயாராக இருக்கும். இல்லாவிட்டால் கலவியே நடக்காது. நடந்தாலும் கரு உள்ளேயே கரைந்துபோகலாம். பிறந்த குட்டி, பால் வற்றிப்போய் வளைக்குள்ளேயே சாகலாம். குட்டிகள் மூன்று நான்கு வார வயதில்தான் வெளியே தலைகாட்டும். அதற்குமுன் செத்தவற்றை எண்ண ஆளில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காட்டு விலங்கின் ஊட்டச்சத்துக் குறைவை நாம் பெரும்பாலும் மெலிந்த உடலில் தேடுகிறோம். இங்கே அது மெலிந்த உடலாகத் தெரியவே இல்லை. பிறக்காத குட்டிகளாகத்தான் இருந்தது.

வேறொரு பக்கமும் இருக்கிறது. ஐஸ்லாந்தில் லெம்மிங் கிடையாது. அங்கே கடலோர நரிகள் கடற்பறவை, முட்டை, அலை ஒதுக்கும் சிற்றுயிர்கள் என்று தின்று வாழ்கின்றன. ஆண்டுதோறும் உணவு ஏறக்குறைய ஒரே அளவில் கிடைப்பதால் அங்கே ஈற்றும் நாலைந்து குட்டியோடு நின்றுவிடுகிறது, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. லெம்மிங் நரிகள் பரம்பரையாகவே பெரிய ஈற்றுக்குப் பழகியவை. கிடைக்கும்போது அள்ளி ஈன்று, கிடைக்காதபோது சும்மா இருந்துவிடும் வாழ்க்கை. நல்ல ஆண்டு வந்தே தீரும் என்ற நம்பிக்கையில் உருவான உடல் அது. நல்ல ஆண்டே வராவிட்டால் அந்த உடலுக்கு வேறு வழி தெரியாது.

நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் கதை தலைகீழ். அங்கே பனிமேல் மழை பெய்து ஓடாக உறையும் ஆண்டில் ரெயின்டீர்கள் புல்லை எட்ட முடியாமல் மடிகின்றன. சடலம் குவிகிறது, நரிகளுக்கு அது நல்ல ஆண்டு. மறு ஆண்டு, நலிந்த மான்கள் ஏற்கெனவே போய்விட்டதால் சடலம் கிடைக்காது, நரிகள் குறைகின்றன. லெம்மிங்கைக் கொன்று ஒரு நரியைப் பட்டினி போடும் அதே பனி ஓடு, இன்னொரு நரிக்கு ஓர் ஆண்டு விருந்து வைக்கிறது.

செந்நரி

இந்த இடத்தில் துருவ நரியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எடையுள்ள செந்நரி வருகிறது. அது மலையடிவாரத்திலிருந்து மேலே ஏறி, நல்ல வளைகளைப் பிடித்துக்கொள்கிறது, துருவ நரியின் குட்டிகளைக் கொல்கிறது, சில சமயம் வளர்ந்ததையும். குளிர் குறைந்ததால்தான் செந்நரி மேலே வந்தது என்று முன்பு சொன்னார்கள். அது பாதிக் காரணம். செந்நரிக்கு அந்த வறண்ட உயரத்தில் உடலை வைத்துக்கொள்ளத் தீனி வேண்டும். அதைக் கொடுத்தது மனிதர்கள். சாலையில் அடிபட்ட விலங்கு, வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடல், சுற்றுலா விடுதிக் குப்பை. ஸ்காட்லாந்தின் கெய்ர்ங்கார்ம் மலைகளில் செந்நரிகள் நாய் மலத்தை வழக்கமான உணவாகவே தின்பதாக எச்ச ஆய்வில் தெரியவந்தது. கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் நன்றாகத் தின்று வளரும் வளர்ப்பு நாயின் மலத்தில் செரிக்காமல் மிஞ்சிய சக்தி கணிசமாக இருக்கிறது, ஓடிப் பிடிக்க வேண்டியதும் இல்லை. ஒரு நரியின் உணவு சுருங்கிய அதே காலத்தில் இன்னொரு நரியின் உணவு விரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது.

நாய்த் தீனி

ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஆண்டர்ஸ் அங்கர்பியோர்னும் உடன் பணிபுரிந்தவர்களும் எண்பதுகளிலிருந்தே ஸ்வீடன் மலைகளில் நரிகளுக்குக் கூடுதல் உணவு வைத்துப் பார்த்தார்கள். பனிக்காலத்தில் உணவு வைத்த இடங்களில் அதிக வளைகளில் நரிகள் குடியேறின, அதிக ஈற்றுகள் நடந்தன. 1994-ல் வெளிவந்த இன்னொரு சோதனை கோடையைப் பற்றியது: வளைக்கருகில் உணவு வைத்தபோது அந்தக் கோடையில் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன.

இந்த இரண்டு முடிவும் சேர்ந்து சொல்வதுதான் இந்த நிகழ்வின் மையம். பனிக்கால உணவு, தாய் ஈனுவதா என்பதை மாற்றுகிறது. கோடை உணவு, பிறந்தது பிழைக்குமா என்பதை மாற்றுகிறது. ஆண்டு முழுவதற்குமான சராசரி உணவைக் கணக்கிட்டால் இது தெரியவே தெரியாது.

பிறகு ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு செஃபாலோ என்ற திட்டத்தில் இது பெரிய அளவில் நடந்தது. மலைமேல் உணவுப் பெட்டிகளை வைத்தார்கள். வாயில் குறுகலாக இருக்கும், துருவ நரி நுழையும், செந்நரியும் வுல்வரினும் நுழைய முடியாது. உள்ளே கடையில் விற்கும் உலர்ந்த நாய்த் தீனி. ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியில் மூட்டை மூட்டையாக ஏற்றிப்போய்க் கொட்டவேண்டும். நார்வே 2005-ல் ஓப்டால் அருகே சேட்டர்ஃபியெல்லெட்டில் இனப்பெருக்க நிலையம் தொடங்கி, அங்கே பிறந்த குட்டிகளை மலைகளில் விட்டு, அவற்றுக்கும் இதே பெட்டிகளை வைத்தது.

காட்டு இறைச்சி உண்ணி ஒன்றுக்கு மாவு கலந்த உருண்டை ஏற்குமா? இதற்குப் பதில் ரோமப் பண்ணைகளிலிருந்து வருகிறது. பண்ணைகளில் ‘நீல நரி’ என்று வளர்ப்பது துருவ நரியையேதான். அவற்றின் செரிமானம் பல பத்தாண்டுகள் அளக்கப்பட்டிருக்கிறது. கொழுப்பையும் நல்ல புரதத்தையும் அவை மிக நன்றாகச் செரிக்கின்றன. பச்சை மாவுச்சத்து அவ்வளவாகச் செரிப்பதில்லை. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, மலம் இளகிவிடும். வேகவைத்த மாவை ஏற்றுக்கொள்கின்றன. நாய்த் தீனி தயாரிக்கும்போது மாவு அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்துவிடுகிறது. அதனால்தான் மலையில் அது வேலை செய்கிறது.

மலிவாகக் கிடைக்கும் மீனைக் கொட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். 1932-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு வெள்ளிநரிப் பண்ணையில் (வெள்ளிநரி என்பது செந்நரியின் ஒரு நிறவகை) நடந்ததை இங்கே சொல்லவேண்டும். அங்கே தீனியோடு பச்சை நன்னீர் மீன் கலந்து கொடுத்தார்கள். நரிகள் முதலில் தீனியை ஒதுக்கின, பிறகு தள்ளாடின, கால் விறைத்து முடங்கிச் செத்தன. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிரீனும் குழுவினரும் ஆராய்ந்ததில் வைட்டமின் பி1 குறைபாடு என்று தெரிந்தது. தீனியில் பி1 இருந்தது. கெண்டை போன்ற சில மீன்களின் உடலில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி அதை உடைத்துவிட்டிருந்தது. தீனியில் பத்தில் ஒரு பங்கு பச்சை மீன் இருந்தாலே போதும், நோய் வந்துவிடும். மீனை வேகவைத்தால் நொதி அழிந்துவிடும். விட்டு விட்டுக் கொடுத்தாலும் நரி தப்பிக்கும். கடலோரத்தில் மீன் தின்னும் காட்டு நரிக்கு இது வராமல் இருக்க, அது தினமும் ஒரே மீனைத் தின்பதில்லை என்பதே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். மனிதன் கொண்டுபோய்க் கொட்டும் தீனியோ தினமும் ஒரே தீனி. அங்கேதான் ஆபத்து.

டாரினும் அப்படித்தான். 1991-ல் வெளிவந்த ஆய்வொன்று, இரத்தத்தில் டாரின் குறைந்த பண்ணை நரிகளுக்கு இதயம் வீங்கித் தளர்ந்திருந்ததைக் காட்டியது. நாய் தன் உடலிலேயே டாரின் தயாரித்துக்கொள்ளும் என்பதால் எல்லா நாய்த் தீனியிலும் அதைச் சேர்ப்பதில்லை. மலை நரிகள் நாய்த் தீனியோடு லெம்மிங்கையும் பறவையையும் தின்பதால் இது அங்கே பெரிய பிரச்சினையாகவில்லை. தீனி மட்டுமே தின்னும் நிலைக்கு ஒரு காட்டு நரியைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு எனக்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

கடலை நம்பினால்

வேறு உணவுக்கு மாறுவதென்றால் கடல் இருக்கிறதே என்று தோன்றும். ரஷ்யாவின் கமாண்டர் தீவுகளில் உள்ள மெத்னி தீவு அதற்குப் பதில். அங்குள்ள துருவ நரிகள் கடற்பறவையையும் கடல்நாய்ச் சடலத்தையுமே நம்பி வாழ்கின்றன. 1970-களில் அவற்றின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகச் சரிந்தது. காதுச் சொறிப் பூச்சியைத்தான் முதலில் குற்றம் சொன்னார்கள், அது உண்மையும்கூட. 2013-ல் வெளிவந்த ஆய்வு, அந்த நரிகளின் ரோமத்தில் பாதரசம் மிக அதிகமாக இருப்பதைக் காட்டியது. அருங்காட்சியகத்தில் இருந்த பழைய தோல்களிலும் அப்படியே. ஐஸ்லாந்திலும் கடலோர நரிகளிடம் உள்நாட்டு நரிகளைவிடப் பாதரசம் கூடுதல். கடல் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகப் பாதரசம் செறிகிறது. குடல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது, வெளியேற்றும் வழி குறைவு. வயிறு நிறைந்தும் உடல் நலியலாம் என்பதற்கு மெத்னி சாட்சி.

பலன்

செந்நரியைக் குறைப்பதும் தீனி வைப்பதும் சேர்ந்து தீவிரமாக நடந்த மலைகளில் துருவ நரி பெருகியது. அரைகுறையாகச் செய்த இடங்களில் பலன் இல்லை. 2013-ல் அங்கர்பியோர்ன் குழு வெளியிட்ட முடிவு இதுதான். லெம்மிங்கும் 2001 முதல் அங்கங்கே திரும்பி வந்தது, அந்த உதவியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமில்லை. ஸ்வீடனின் ஹெலாக்ஸ் மலையில் நெருங்கிய உறவுக்குள்ளேயே கலவி நடந்து குட்டிகள் நலிந்திருந்தன. நார்வே நிலையத்தில் பிறந்த சில ஆண் நரிகள் 2010 வாக்கில் அங்கே வந்து சேர்ந்தபின் அந்தக் கூட்டம் தெம்படைந்தது. அதைத் தீனியால் செய்திருக்க முடியாது. 2022-ல் பின்லாந்தின் எனோன்டெகியோவில் துருவ நரிக் குட்டிகள் பிறந்தன. அந்த நாட்டில் 1996-க்குப் பிறகு அதுவே முதல் ஈற்று. அப்பகுதியிலும் உணவுப் பெட்டிகள் வைத்திருந்தார்கள்.

ஆனாலும் தீனி வைத்த மலைகளிலும் ஈற்று இன்னும் லெம்மிங்கையே பின்தொடர்கிறது. லெம்மிங் விழுந்த ஆண்டில், பெட்டி நிறைய தீனி இருந்தும், குட்டிகள் குறைவுதான். பெட்டி தாயின் உடலைத் தாங்குகிறது, பெரிய ஈற்றைத் தூண்டும் வேலையை அது செய்வதில்லை. பண்ணையிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. கலவிக்கு முன் மிதமிஞ்சிக் கொழுத்த நீல நரிகள் மோசமாகவே ஈனுகின்றன. அதனால் பனிக்கால நடுவில் தீனியைக் குறைத்து, கலவி நெருங்கும்போது கூட்டுவார்கள். மலையிலும் இதே கணக்கைப் பின்பற்றிப் பார்க்கலாம் என்பது என் கருத்து: உச்ச ஆண்டில் பெட்டியைக் குறைக்கலாம், விழும் ஆண்டின் பிப்ரவரி முதல் மே வரை விடாமல் நிரப்பலாம், குட்டிகள் வெளியே வரும் ஜூலையில் மறுபடி.

கவனிக்கவேண்டிய இன்னொன்று பெட்டியைச் சுற்றிக் கூடும் கூட்டம். இயல்பாக விலகி வாழும் நரிகள் ஒரே இடத்தில் தின்று, அங்கேயே எச்சமிடும்போது குடற்புழு எளிதாகத் தொற்றும். நரியின் குடலில் வாழ்ந்து மனிதரின் ஈரலையும் தாக்கக்கூடிய எக்கினோகாக்கஸ் நாடாப்புழு 2011-ல் ஸ்வீடனில் முதன்முறையாகச் செந்நரி ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. பெட்டியருகே கிடக்கும் எச்சத்தில் லெம்மிங் ரோமத்தை எண்ணும்போது புழு முட்டையையும் சேர்த்துத் தேடுவது, கூடுதல் செலவு அதிகமில்லாத வேலை.